வகுப்பைக் கீழே இறக்கியவள்

அந்த இல்லத்தில் அவளை எல்லோரும் ‘அலாரம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சின்ன வயதில் அண்ணனின் முதுகில் ஏறி அங்கே வந்து சேர்ந்தபோதே அப்படி ஒரு குரல். முன்கட்டில் பேசினால் பின்கட்டில் கதவு திறக்கும். கால்கள் இரண்டும் குழந்தைப் பருவத்துக் காய்ச்சலோடு போய்விட்டன. கால் செய்ய வேண்டிய வேலையையும் சேர்த்துத் தொண்டை செய்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

நடமாட முடியாதவர்களுக்கான இல்லம் அது. நகரத்தின் நடுவில், பேருந்து நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இடையில் இருந்தது. ஒரு சிமெண்டு முற்றம், அதைச் சுற்றி ஓடு வேய்ந்த அறைகள், வாசலை ஒட்டி ஓர் அலுவலகம். பள்ளிப் படிப்பை அங்கிருந்தே முடித்தாள். பட்டப் படிப்பைத் தபாலில் முடித்தாள். பிறகு அலுவலகத்தில் டெலிபோன் எடுக்கும் வேலை கிடைத்தது. உதவி செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது அவள் குரலைத்தான்.

“எங்க பொண்ணுக்குப் பிறந்தநாள். அங்க குழந்தைங்களுக்கு ஒரு வேளை சாப்பாடு போடலாம்னு இருக்கோம்.”

“இங்க குழந்தைங்க யாரும் இல்லீங்க. எல்லாரும் பெரியவங்க.”

“பரவாயில்லம்மா. கேக் சாப்பிடுவாங்கல்ல?”

அப்படி வருகிறவர்களுக்கு முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்து ஒரு நன்றிப் பாட்டுப் பாடுவது வழக்கம். முதல் வரியை எடுத்துக் கொடுப்பவள் அலாரம். இல்லத்தைத் தொடங்கியவர் காலத்திலிருந்தே அது அவள் பொறுப்பு. தொடங்கியவர் போன பிறகு அவருடைய மகன் இயக்குநரானார். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். யாருக்கு எந்த மாத்திரை, யாருக்கு எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அலாரத்தின் பாடு கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

இல்லத்தின் மேலாளர் வேலையை விட்டுப் போனபோதுதான் எல்லாம் தொடங்கியது. அலாரம் தன் சக்கர நாற்காலியை ஐயாவின் மேஜைக்கு எதிரே கொண்டு போய் நிறுத்தினாள்.

“அந்த வேலையை எனக்குக் கொடுங்க ஐயா.”

ஐயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “அதுக்கெல்லாம் நிர்வாகம் படிச்சவங்க வேணும்மா.”

“அப்ப படிச்சுட்டு வந்து கேட்கறேன்.”

அவர் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டார். அவள் அடுத்த வாரமே நகரத்துக் கல்லூரி ஒன்றில் மாலை நேரப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாள். தொண்டு நிறுவனங்களை நடத்துவது எப்படி, அவற்றுக்குத் தலைமை ஏற்பது எப்படி என்று சொல்லித் தரும் படிப்பு.

செய்தி கேட்டு அண்ணன் வந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். மாதம் ஒருமுறை வந்து, நின்றபடியே பேசிவிட்டு, வண்டியை நோ பார்க்கிங்கில் விட்டிருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிடுவான்.

“படிச்சு என்ன பண்ணப் போற? மூணு வேளை சாப்பாடு, படுக்க இடம், தலைக்கு மேல ஃபேன். இதையும் கெடுத்துக்காத.”

“ஆஸ்பத்திரி வார்டுலயும் இதெல்லாம் கிடைக்குது அண்ணே. அங்க யாராவது ஆயுசு பூரா இருக்கணும்னு ஆசைப்படறாங்களா?”

அண்ணன் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றான். பிறகு, வழக்கம்போல வண்டி நோ பார்க்கிங்கில் இருப்பது நினைவுக்கு வந்தது.

கல்லூரிக்குப் போன முதல் நாள். இல்லத்து வேன் அவளை வாசலில் இறக்கிவிட்டுப் போனது. வகுப்பு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. கல்லூரி அலுவலக உதவியாளர் ஓடி வந்தார். நல்ல மனசுக்காரர்.

“கவலைப்படாதீங்கம்மா. நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கிட்டுப் போயிடலாம்.”

“தூக்கறதுக்கு நான் என்ன பீரோவா?”

“வேற எப்படிம்மா?”

“வகுப்பைக் கீழே இறக்குங்க.”

“வகுப்பை எப்படிம்மா இறக்கறது?”

“அதுக்குத்தான் நிறைய கால் இருக்கே. நடந்து வரட்டும்.”

உதவியாளர் தலையைச் சொறிந்துகொண்டே மேலே போனார். அலாரம் மாடிப்படியின் அடியில், ஏறுகிறவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும் என்ற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்திக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. வியர்த்தது. மேலேயிருந்து யாரோ எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அதை விரட்டிவிட்டு, இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டாள்.

கடைசியில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பேராசிரியை முன்னால் வந்தார். அலாரத்தைவிட வயதில் சின்னவர், வேகமாகப் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் மாணவர்கள்: குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஒரு பெண்மணி, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, தெருநாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் அமைப்பிலிருந்து ஓர் இளைஞன், இன்னும் சிலர். அன்றைக்கு வகுப்பு படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நடந்தது. அடுத்த வகுப்புக்குள் தரைத்தளத்தில் உடைந்த பெஞ்சுகள் அடைத்து வைத்திருந்த ஓர் அறையை எல்லோருமாகக் காலி செய்தார்கள்.

“தொண்டு நிறுவனம் நடத்தச் சொல்லித் தர்ற இடத்துல ஒரு சாய்தளம் இல்ல பாருங்க. இதுதான் நம்ம முதல் பாடம்” என்றார் பேராசிரியை. அதற்கு மேல் அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. நேராக ஒரு கேள்வி கேட்டார்.

“கடைன்னா முதலாளிக்குச் சொந்தம். உங்க நிறுவனம் யாருக்குச் சொந்தம்?”

ஆரம்பித்தவருக்கு என்றார் வங்கி அதிகாரி. உதவி செய்கிறவர்களுக்கு என்றார் காப்பகத்துப் பெண்மணி. நாய்களுக்கு என்று இளைஞன் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அலாரம், “சாவி யார் கையில இருக்கோ அவங்களுக்கு” என்றாள்.

“நடைமுறையில அப்படித்தான் ஆகுது. ஆனா அது யாருக்குமே சொந்தமில்ல. அதனாலதான் யாருக்குப் பதில் சொல்றோம்ங்கறது பெரிய கேள்வியா ஆகுது. பணம் கொடுக்கறவங்களுக்கு அறிக்கை அனுப்பறோம். அரசாங்கத்துக்கு அனுப்பறோம். யாருக்காக நடத்தறோமோ, அவங்களுக்கு என்ன அனுப்பறோம்?”

அலாரத்துக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டிருந்ததே, அதற்கு ஒரு வடிவம் கிடைத்தது மாதிரி இருந்தது.

அந்தச் சூட்டிலேயே முதல் கட்டுரையை எழுதினாள். ‘உங்கள் நிறுவனத்தில் ஒரு முடிவு எப்படி எடுக்கப்படுகிறது?’ என்பது தலைப்பு. ஐயாவைப் பொரித்தெடுத்துவிட்டாள். மதிப்பெண் மோசமாக வந்தது. ‘இது புகார். ஆய்வு இல்லை’ என்று பேராசிரியை அடியில் எழுதியிருந்தார். அலாரத்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வகுப்பு முடிந்ததும் வழிமறித்தாள்.

“நீங்க அவர் பக்கமா?”

“நான் யார் பக்கமும் இல்ல. அவர் ஏன் அப்படி முடிவெடுக்கிறார்னு உங்க கட்டுரையில ஒரு வரிகூட இல்ல. நாளைக்கு அந்த நாற்காலி உங்களுக்குக் கிடைச்சா நீங்க வேற மாதிரி நடந்துப்பீங்கன்னு எனக்கு என்ன உத்தரவாதம்?”

“நான் கேட்டு நடப்பேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க” என்று சொல்லிவிட்டு அவர் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

ஒரு காலை டெலிபோன் அடித்தது. கட்டட மேஸ்திரி ஒருவர் பேசினார்.

“ஐயாகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கம்மா. தண்ணித் தொட்டியை வடக்கால கட்டவா, கிழக்காலயா?”

“எந்தத் தொட்டி?”

“புது இடத்துலம்மா. நீங்கல்லாம் குடி போகப் போறீங்களே, அந்த இடத்துல.”

ரிசீவரை வைத்துவிட்டு நேரே ஐயாவின் அறைக்குப் போனாள். அவர் மறைக்கவில்லை. தொழிலதிபர் ஒருவர் நகரத்துக்கு வெளியே நிலம் கொடுத்திருக்கிறார். நல்ல காற்று, தோட்டம், அகலமான அறைகள். நிர்வாகக் குழு முடிவு செய்துவிட்டது. இந்தப் பழைய கட்டடத்தை விற்றுவிடப் போகிறார்கள். வருஷ விழாவில் எல்லோருக்கும் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று இருந்தாராம்.

“எங்களைக் கேட்கவே இல்லையே ஐயா.”

“பிள்ளைங்களைக் கேட்டுக்கிட்டா யாராவது வீடு கட்டுவாங்க?”

“எனக்கு நாப்பது வயசு ஆகுது.”

ஐயா சட்டென்று அவளைப் பார்த்தார். அவருக்கே அது அன்றைக்குத்தான் தெரிந்தது போல.

அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் அலாரம் விஷயத்தை உடைத்தாள். தட்டுகளில் கைகள் அப்படியே நின்றன. பஸ் ஸ்டாண்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் இருந்தார், ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் ஏறிவிட்டது. “நாம யாரும் போகப்போறதில்ல! நம்மளை மூட்டை கட்டி ஊருக்கு வெளிய கொட்டறதுக்கு நாம என்ன குப்பையா? யாரும் இந்த இடத்தை விட்டு நகரமாட்டோம்!”

கைதட்டலை எதிர்பார்த்தாள். மூலையிலிருந்து தையலக்காவின் குரல் வந்தது. தையலக்கா இல்லத்திலேயே மூத்தவர்களில் ஒருத்தி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கையால் சுற்றும் மெஷினில் ஜாக்கெட்டும் தலையணை உறையும் தைத்துக் கொடுப்பாள். வாய், அவள் கத்தரிக்கோலைவிடக் கூர்மை.

“ஏண்டி, யாரைக் கேட்டு ‘நாம’ன்னு சொல்ற?”

தையலக்கா தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“எனக்கு அங்க போகணும். இங்க பஸ் புகையில மூச்சு முட்டுது. நீ ஆபீஸ்ல வேலை பார்க்கற, காலேஜுக்குப் போற. நான் இந்த முற்றத்தைத் தாண்டி எங்கடி போனேன்? ஒரு செடி வெச்சு அது வளர்றதைப் பார்க்கணும்னு எனக்கு ஆசை இருக்கக் கூடாதா? நீயும் ஐயா மாதிரியேதான் பேசற. என்ன, அவருக்குக் குரல் கம்மி, அவ்வளவுதான்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அலாரத்துக்கு முகம் காது வரைக்கும் சிவந்துவிட்டது. பேராசிரியை பேருந்துக்கு ஓடும்போது சொன்னது அப்போதுதான் முழுசாக இறங்கியது. தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டாள்.

இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்த இல்லத்துக்கே அது புதுசு. சமையல்காரம்மா வந்து காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். வகுப்பில் நடந்ததைச் சொன்னபோது காப்பகத்துப் பெண்மணி கேட்டாள்: “இவ்வளவு கோவம் எதுக்கு? ஒவ்வொருத்தரையும் போய்க் கேட்டாத்தான் என்ன?”

கேட்கத் தொடங்கினாள். ஒவ்வொரு கட்டிலாகப் போனாள். ‘நீங்க எங்க இருக்கணும்னு நினைக்கறீங்க? ஏன்?’ இந்த இரண்டு கேள்விதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கு மலையைப் புரட்டுகிற வேலை. சிலர் முதல் நாள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மறுநாள் கூப்பிட்டு அனுப்புவார்கள். பேச்சு வராத ஒரு பெண், செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டியபோது, பேருந்துகள் நிற்கும் படத்தில் விரலை வைத்து எடுக்கவே இல்லை. அவள் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அந்தப் பேருந்துகள்தான் அவளுக்கு உலகம். ஒரு பெரியவர், “என்கிட்ட யாரும்மா இதெல்லாம் கேட்டா?” என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏறக்குறைய பாதிப் பேர் போக விரும்பினார்கள். பாதிப் பேர் இருக்க விரும்பினார்கள். ஆனால் அவள் கேட்காத ஒரு விஷயத்தில், அநேகமாக எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். பேச்சு முடிந்து அவள் வண்டியைத் திருப்பும்போது மெதுவாகச் சொல்வார்கள்: “அந்தப் பாட்டை மட்டும் நிறுத்தச் சொல்லேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனக்கு மட்டும்தான் அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது, மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்து, அவர்களுக்காகத்தான் இத்தனை காலம் முதல் வரியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களோ, அவளுக்குப் பிடிக்கிறது என்று நினைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். தையலக்காவிடம் சொன்னபோது அவள் ஊசியை வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். “நல்லா இருக்குடி கூத்து!”

இருவருமாக ஐயாவிடம் போனார்கள். கேட்டது இரண்டுதான். போவதா இருப்பதா என்பதை அவரவரே முடிவு செய்யட்டும். நிர்வாகக் குழுவில் இல்லத்தில் வாழ்கிறவர்கள் இருவருக்கு இடம் வேண்டும்.

ஐயாவின் முகம் வாடிவிட்டது. “நான் என்ன குறை வெச்சேன்? என் பொண்ணு காலேஜ் விழாவுக்குக்கூடப் போகாம இங்கயே கிடந்தேன். எங்கப்பா உனக்குச் சோறு ஊட்டினாரும்மா.”

“ஊட்டினாரு. நான் மறக்கல. அதுக்காக வாயைக் குத்தகைக்கு விட்டுட முடியுமா ஐயா?”

“குழுவுல இருக்கறவங்க வெளிய நாலு பேர்கிட்டப் பேசி உதவி கொண்டு வர்றாங்க. நீங்க என்ன கொண்டு வருவீங்க?”

“எங்களைப் பத்தித்தானே அங்க பேசறீங்க? எங்களையே கொண்டு வர்றோம்” என்றாள் தையலக்கா.

ஐயா முடியாது என்றுவிட்டார். நன்றி கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வார்த்தை அறைக்குள் சுற்றிவந்து மூவர் காதிலும் விழுந்தது.

வருஷ விழா வந்தது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக், பூச்செண்டு. நிலம் கொடுத்த தொழிலதிபர் மனைவியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குழு உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எதிரே வரிசையாகச் சக்கர நாற்காலிகள். ஐயா பேசி முடித்து, பாட்டுக்குச் சைகை காட்டினார்.

அலாரம் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களும் திறக்கவில்லை.

ஐயா மறுபடி கையை அசைத்தார். மைக்செட்காரர் மைக்தான் வேலை செய்யவில்லையோ என்று தட்டிப் பார்த்தார். டொக், டொக். வெளியே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வரிசையில் யாரோ ஒருவருக்குப் பழக்கத்தில் உதடு அசைந்தது; பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையைத் தொட்டார். அந்த அமைதி நீண்டுகொண்டே போனது. அலாரம் தலையைக் குனியவில்லை. முன்வரிசையை நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தையலக்காதான் பேசினாள். மைக் இல்லாமலே.

“இன்னைக்குப் பாட்டு இல்லீங்க. இனிமேலும் இல்ல. டீ இருக்கு. எங்ககூட உக்காந்து குடிங்க. எங்க ரூமையெல்லாம் நாங்களே காட்டறோம். என்ன தெரியணும்னாலும் எங்களையே கேளுங்க.”

தொழிலதிபர் குழம்பிப்போய் ஐயாவைப் பார்த்தார். பிறகு தையலக்காவைப் பார்த்துக் கேட்டார்: “புது இடத்துக்கு வர்றதுல உங்களுக்குச் சந்தோஷம்தானேம்மா?”

“எனக்குச் சந்தோஷம். இதோ இவளுக்கு இல்ல. அந்தக் கடைசியில இருக்காளே, அவளுக்கும் இல்ல. ஆனா நீங்க கேட்டீங்க பாருங்க, அதுக்கு ரொம்ப நன்றி. எங்களை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

தொழிலதிபரின் மனைவி முதலில் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எதிர்வரிசையில் போட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை டெலிபோன் மேஜையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐயா அலாரத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கொஞ்ச நாளைக்கு நீ ஓய்வு எடு.” கல்லூரிக்குப் போக வந்த வேனும் நின்றுவிட்டது.

அண்ணன் ஓடி வந்தான். இந்த முறை உட்கார்ந்தான்.

“மன்னிப்புக் கேட்டுடு. வெளிய போகச் சொல்லிட்டா எங்க போவ? என் வீடு மாடியில இருக்கு. உன் அண்ணிக்கும் முதுகுவலி.”

“உன் வீட்டுக்கு வர்றேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?”

“சொல்லல. சொல்லிடுவியோன்னு பயந்துகிட்டேதான் மாசாமாசம் வர்றேன்.”

அத்தனை வருஷத்தில் அவன் சொன்ன உண்மையான வார்த்தை அதுதான். அவளுக்குக் கோபம் வரவில்லை. “நான் தப்பு பண்ணல அண்ணே. மன்னிப்புக் கேட்க மாட்டேன். உன் மாடிக்கும் வர மாட்டேன். போய் நிம்மதியாத் தூங்கு. ஆனா வெள்ளிக்கிழமை பரீட்சை இருக்கு. அதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போ.”

வெள்ளிக்கிழமை அவன் சரக்கு வேனோடு வந்தான். பின்கதவில் இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து சரிவுப் பலகை ஒன்று போட்டிருந்தான். வெங்காயச் சருகு பறக்கும் அந்த வேனில் அவள் ராணி மாதிரி போய் இறங்கினாள். அதிலிருந்து வகுப்பு நாட்களில் அவன்தான் சாரதி. வகுப்பு ஜன்னலோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். ஒருநாள் திரும்பும் வழியில், “எங்க டிரைவர் சங்கத்துலயும் தலைவர் ஒருத்தரையும் கேட்கறதில்ல” என்று முணுமுணுத்தான்.

நிர்வாகக் குழு பலமுறை கூடியது. குழுவில் இருந்த ஒரு டாக்டரம்மா, இல்லத்து ஆட்களைக் கேட்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றுவிட்டார். தொழிலதிபரும் மனசு மாறியிருந்தார். வர விரும்பாதவர்களை அடைத்து வைக்க நான் நிலம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டாராம். கடைசியில் பழைய கட்டடத்தை விற்பதில்லை என்று முடிவானது. வேலைக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரி தேவைப்படுகிறவர்களும் இங்கே, விரும்புகிறவர்கள் அங்கே. நன்றிப் பாட்டு நின்றது. குழுவில் இரண்டு இடம் கேட்டதற்கு ஒன்றுதான் கிடைத்தது.

அந்த ஓர் இடத்துக்குத் தேர்தல் வைத்தார்கள். அலாரம் நின்றாள். தையலக்காவும் நின்றாள். தையலக்கா ஜெயித்தாள்.

அன்று அலாரம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இவ்வளவையும் கிளப்பிவிட்டவள் நான், வேலையை இழந்தவள் நான், ஓட்டு மட்டும் அவளுக்கா? கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. தையலக்கா வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள்.

“அழுது முடிச்சிட்டியா? முடிச்சிட்டன்னா சொல்லு. கூட்டத்துல அவங்க இங்கிலீஷ்ல ஏதாவது பேசினா நான் எப்படி நடுவுல நிறுத்தறது?”

“கையைத் தூக்கி, ‘புரியல, தமிழ்ல சொல்லுங்க’ன்னு சொல்லு.”

“மறுபடியும் இங்கிலீஷ்ல சொன்னா?”

“மறுபடியும் தூக்கு.”

“உனக்கு ஏன் ஓட்டுப் போடலன்னு தெரியுமா?”

“தெரியும். நான் அதிகமாப் பேசறேன்.”

“அது இல்ல. நீ எப்படியும் இங்கேருந்து போயிடுவேன்னு எல்லாருக்கும் தெரியும்.”

கடைசிக் கட்டுரைக்காக அவள் ஐயாவிடமே போனாள். பேட்டி வேண்டும் என்றாள். அவர் முடியாது என்பார் என்று நினைத்தாள். அவரோ எதிரே கிடந்த நாற்காலியை நகர்த்தி அவள் வண்டிக்கு இடம் விட்டார். அப்பா இறந்த மறுநாள் இந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது எந்தக் கோப்பை முதலில் திறப்பது என்றே தெரியாமல் போனதைச் சொன்னார். உதவி நின்றுவிட்டால் இத்தனை பேரையும் என்ன செய்வது என்ற பயம் ஒரு நாளும் தன்னை விட்டதில்லை என்றார். பயத்தில்தான் எல்லாவற்றையும் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டதாகவும் சொன்னார். அவள் அதை அப்படியே எழுதினாள். அவர் தவறையும் எழுதினாள், ஒரு வரியும் குறைக்கவில்லை. கூடவே சாப்பாட்டுக் கூடத்தில் தான் போட்ட சத்தத்தையும் எழுதினாள். இந்தத் தடவை பேராசிரியை அடியில் எதுவும் எழுதவில்லை. மதிப்பெண் மட்டும் நன்றாக இருந்தது.

பட்டயத்தோடு போய் மேலாளர் வேலையை மறுபடி கேட்டாள். ஐயா பட்டயத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“உன்னை அந்த இடத்துல வெச்சா நான் என்னம்மா ஆவேன்?”

நேர்மையான பதில். அவளும் வற்புறுத்தவில்லை. வெளியே தேட ஆரம்பித்தாள். சில இடங்களில் அவளைப் பார்த்ததும், உதவி கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து டீ கொடுத்துக் காத்திருக்க வைத்தார்கள். நகரத்தின் மறு கோடியில், வீட்டில் அடி வாங்கித் தப்பி வரும் பெண்களுக்கான தங்குமிடம் ஒன்றுக்கு மேலாளர் தேவைப்பட்டது. நேர்காணலில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இங்க ஓடியாடி வேலை பார்க்கணுமே. உங்களால...”

“ஓடறதுக்கு ஆள் எடுக்கறீங்களா, நடத்தறதுக்கா? ஓடறதுக்குன்னா சொல்லுங்க, கிளம்பிடறேன்.”

வேலை கிடைத்தது. தங்குமிடத்துக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தாள். அண்ணன் சாமான்களை ஏற்றி வந்து இறக்கினான். அண்ணியும் வந்து, முதுகைப் பிடித்துக்கொண்டே அறையைக் கூட்டிக் கொடுத்தாள்.

அங்கே போய்ச் சில மாதங்கள் ஆனபோது, தங்கியிருந்த பெண்கள் கூட்டமாக வந்து மேஜைக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே வரும்போதே எல்லோருடைய செல்போனையும் வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது அங்கே பழைய விதி. அந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அலாரத்துக்கு அந்த விதி சரி என்றுதான் பட்டது. ஒரு புருஷன் போனை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்து வந்து வாசலில் கலாட்டா செய்திருக்கிறான். அதைச் சொன்னாள். குரல் ஏறியது. தானே அதைக் கவனித்து இறக்கிக்கொண்டாள்.

“உக்காருங்க. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன். இப்ப நீங்க சொல்லுங்க.”

ஒருத்தி, தன் குழந்தையின் குரலைக் கேட்க அந்தப் போன் ஒன்றுதான் வழி என்றாள். இன்னொருத்தி, வீட்டில் புருஷன் பிடுங்கி வைத்தான், இங்கே நீங்கள் பிடுங்கி வைக்கிறீர்கள், எங்களுக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டாள். இடத்தைக் காட்டிக்கொடுக்காதபடி போனை எப்படி மாற்றி வைப்பது என்று ஒரு சின்னப் பெண் எல்லோருக்கும் செய்து காட்டினாள். வாக்கெடுப்பு நடந்தது. அலாரம் தோற்றாள். விதி போனது.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. ஒப்பவில்லை என்று தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லவும் சொன்னாள். சொல்லிவிட்டு, இடத்தை மறைப்பது எப்படி என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தரும் வேலையை அந்தச் சின்னப் பெண்ணிடமே ஒப்படைத்தாள். காலியான பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை உருட்டிப்போய் ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு வந்தாள்.

வாசலில் ஒருத்தி தயங்கி நின்றாள். “மேடம், எங்க மேல கோவமா?”

“கோவம்தான். அதுக்காக முடிவு ஒண்ணும் மாறாது. போய்ச் சாப்பிடுங்க, ஆறிடப் போகுது.”